இரண்டாவது கட்டில்

எஸ்பெத் எல்-போர்க்,
அக்டோபர் 9, 2021

நஜாதுக்கு,

ஸலாம் சொல்வது கடமை. அதனால் சொல்கிறேன்.

மளிகைக்கடை ரஷ்வான் தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "ஹாஜி, இஸ்மாயிலியாவுல இருந்து உங்க பொண்ணு அனுப்பியிருக்கு. படிச்சுக்குங்க." பாலாடைக்கட்டி வாங்க ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று படித்தேன். பிள்ளைகள் அறைச் சாமான்களை விற்றுவிட வேண்டுமாம். அவசரமாம்.

அப்பன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவளுக்கு அவசரம் மட்டும் வந்துவிட்டது.

நான் உன் அழைப்பை எடுப்பதில்லை என்று அவனிடம் குறைப்பட்டிருக்கிறாய். எடுக்க மாட்டேன். தொலைபேசியில் நீ என் பேச்சை வெட்டுவாய், நான் உன் பேச்சை வெட்டுவேன். கடிதத்தில் அது நடக்காது. நான் முடிக்கிற வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை. ஐஸ் தொழிற்சாலையில் மீன் சுற்றி வந்த செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றவன். அந்த எழுத்தே உனக்குப் போதும்.

நம் ஊரில் பெண்ணைக் கொடுக்கிறவன் பிறக்கப் போகிற பிள்ளைகளின் அறைச் சாமான்களையும் சீராகச் சேர்த்துக் கொடுக்கிறான். முதலில் பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான் சொன்னேனா? தும்யாத்தில் மரச்சாமான் கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கே பார்த்தாலும் கார் மாதிரி கட்டில், கிரீடம் வைத்த கட்டில். எனக்குப் பிடிக்கவில்லை. தச்சனை உட்கார வைத்து, சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரைந்து காட்டி, முகப்பு எழும்பி நிற்கிற இரண்டு படகுக் கட்டில்கள் செய்ய வைத்தேன். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. உன் கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை அவை திறந்த லாரியில் தெருவைச் சுற்றி வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். பொடிசுகள் கட்டிலில் ஏறிக் கையாலேயே துடுப்புப் போட்டன. உன் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். பார்த்துச் சிரித்தாள்.

உன் புருஷன் பிள்ளை இல்லை என்று உன்னை விலக்கிய பிறகு, அதே கட்டில்கள் அதே தெருவில் திறந்த லாரியில் திரும்பி வந்தன. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை கூடப் பிரியவில்லை. காபிக்கடையிலிருந்து அந்த ஜாபிர் கத்திக் கேட்டான்: "என்ன ஹாஜி, ரெண்டு படகும் காலியா வருது! மீனே படலியா?" கடை முழுக்கச் சிரித்தது. நான் அவனைப் பார்க்கவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். அதுவும் காலி. நீ வரவில்லை.

தனியாக இறக்கி, உன் பழைய அறையில் போட்டேன். அங்கேயே இருக்கிறது. விற்க மாட்டேன்.

உன் அப்பன்,
மெத்வல்லி

*

இஸ்மாயிலியா,
அக்டோபர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் திட்டி எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

அந்த லாரியில் நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டதே இல்லை. கட்டிலுக்குக் கண் கிடையாது அப்பா. எனக்கு இருக்கிறது. அந்தத் தெருவில் யார் எந்த ஜன்னலில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது, வந்துவிட்டேன்.

ஏன் விற்கச் சொன்னேன் என்று ரஷ்வானின் கைப்பேசியில் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். ஷஹத் என்று ஒரு சிறுமி. ஐந்து வயது. இங்குள்ள ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். ரத்தம் எடுக்கப் போனபோது பார்த்தேன். ஊசி குத்தியதும் எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள். இவள் மட்டும் "முடிஞ்சிருச்சா? அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் தனியாக இருக்கிற பெண்ணுக்கும் குழந்தையை வளர்க்கத் தருகிறார்கள். விண்ணப்பித்திருக்கிறேன்.

வீட்டைப் பார்க்கக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருவார். குழந்தைக்குத் தனி அறை வேண்டும், தனிக் கட்டில் வேண்டும், வெளிச்சம் வேண்டும். என்னிடம் இருக்கிற அறைக்கு அகலம் உண்டு, நீளம் கிடையாது. ஜன்னல் கட்டடத்தின் நடுவில் உள்ள காற்றுக்குழியைப் பார்க்கிறது. நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். சுவருக்கு மஞ்சள் அடிக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த இடத்துக்கு ஏற்றதாக ஒரு சின்னக் கட்டில் வாங்கத்தான் விற்கச் சொன்னேன்.

விற்க மனமில்லை என்றால் ஒரு கட்டிலை அனுப்புங்கள். முகப்பை மட்டும் அறுத்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

நஜாத்

*

எஸ்பெத் எல்-போர்க்,
நவம்பர் 2

நஜாதுக்கு,

அறுப்பாயா? எங்கே, அறு பார்க்கலாம். முகப்பு இல்லாத படகு பெட்டி. பெட்டியில் பிள்ளையைப் படுக்க வைக்க நான் அந்தத் தச்சனோடு ஒரு மாதம் மல்லுக்கு நிற்கவில்லை.

அப்புறம், யார் பிள்ளை? எவர் பெற்றது? அனாதையைத் தாங்குவது புண்ணியம் என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசலில் கேட்கிறேன். புண்ணியம் வேறு, பேத்தி வேறு. கட்டில்களை நான் பேரப்பிள்ளைகளுக்காகச் செய்தேன். பேரப்பிள்ளைகள் வரவில்லை. அதற்காக, வழியில் போகிற யாரும் ஏறிப் படுத்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்து வைக்க முடியாது. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? விண்ணப்பம் போட்ட பிறகு சொல்கிறாய்.

கட்டில் வராது.

ஆனால் நீ செய்யப் போகிற கோமாளித்தனத்தையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மஞ்சளா? ஐந்து வயதுக் கை பட்டால் ஒரு வாரத்தில் அது தெருச்சுவர் மாதிரி ஆகிவிடும். மஞ்சளை மேல்பாதிக்கு அடி. கீழ்ப்பாதிக்குப் படகுக்கு அடிக்கிற எண்ணெய்ச் சாயம் அடி. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். வெளிச்சத்துக்கு அறைக்குள் விளக்கை மாட்டிக்கொண்டே போகாதே. காற்றுக்குழியில் உன் ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவர் யாருடையது என்று கேள். கெஞ்சியாவது அதற்கு வெள்ளையடி. வெயில் அங்கே பட்டு உள்ளே வரும். ஐஸ் கிடங்கில் அப்படித்தான் செய்தோம்.

அலமாரியைச் சும்மா நிறுத்தாதே. படகில் எதையும் சும்மா நிறுத்த மாட்டார்கள். சுவரோடு சேர்த்து ஆணியால் இறுக்கு. இந்த வயதில் இழுப்பறையைப் படிக்கட்டாக நினைத்து ஏறும். சட்டை மாட்டுகிற கொக்கியை உன் உயரத்துக்கு அடித்துவிட்டு, பிள்ளை துணியைக் கீழே போடுகிறது என்று அப்புறம் கத்தாதே. அவள் எட்டுகிற உயரத்துக்கு அடி. பொம்மைக்குப் பெட்டி வேண்டாம், அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் கொட்டும். வலைத்துண்டு ஒன்றை மூலையில் தூளி மாதிரி கட்டு. எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் சொன்னதால் நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே.

மெத்வல்லி

*

இஸ்மாயிலியா,
நவம்பர் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

எதிர்ச்சுவர் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரருடையது. "என் சுவத்துக்கு நீ எதுக்கும்மா சுண்ணாம்பு அடிக்கணும்?" என்று சண்டைக்கு வந்தார். காரணத்தைச் சொன்னதும் அவரே ஏணி கொடுத்தார்.

நேற்று அந்த அம்மா வந்தார். அறைக்குள் நுழைந்ததும், "இந்தக் குழிக்குள்ள வெயில் எப்படிம்மா வருது?" என்று கேட்டார். "எங்க அப்பா சொன்னது" என்றேன். கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தார், அலமாரியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. கீழ்ப்பாதிச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்துவிட்டுச் சிரித்தார். மூலையில் வலை மட்டும் இல்லை. இங்கே நல்ல வலை கிடைக்கவில்லை.

அப்புறம் தரையில் கிடந்த மெத்தையைப் பார்த்தார். "எல்லாம் சரி. கட்டில் எங்க? சுவரைப் பாத்துக்கிட்டே தூங்கிருமா பிள்ளை?"

வருட முடிவுக்குள் திரும்ப வருவார். அதற்குள் கட்டில் இல்லை என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். ஷஹத் வேறு வீட்டுக்குப் போகலாம், எங்கும் போகாமலும் இருக்கலாம். இரும்புக் கட்டில் ஒன்று கடனுக்குக் கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

நான் கேட்கவில்லை அப்பா. நடந்ததைச் சொல்கிறேன்.

நஜாத்

*

எஸ்பெத் எல்-போர்க்,
டிசம்பர் 12

நஜாதுக்கு,

இரும்புக் கட்டில் மருத்துவமனைக்கு. வீட்டுக்கு அல்ல.

லாரிக்காரன் சாபிரின் வண்டியில் ஒரு கட்டில் வருகிறது. ஒன்றுதான். இன்னொன்று வராது, கேட்காதே. அதிகாரி முன்னால் மானம் போகக் கூடாது என்பதற்காக அனுப்புகிறேன், வேறு ஒன்றும் இல்லை. முகப்பில் ரம்பம் படக் கூடாது. குறுக்கே, ஜன்னல் பக்கமாகப் போட்டால் அடங்கும்.

உறையைப் பிரிக்காதே. அலுவலகத்தில் மறுத்தால் கட்டில் திரும்பி வர வேண்டும்.

வலைத்துண்டு கட்டிலுக்குள் இருக்கிறது. கழுவியிருக்கிறேன். மீன் நாற்றம் அடிக்கிறது என்றால் அது உன் மூக்கின் கோளாறு.

மெத்வல்லி

*

இஸ்மாயிலியா,
ஜனவரி 20, 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷஹத் வந்துவிட்டாள். பத்து நாளாகிறது. கட்டிலைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "இது கட்டிலா, கப்பலா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதலில் நம் விஷயம். கட்டிலை இறக்கி வைத்துவிட்டுப் போகும்போது சாபிர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "அக்கா, சொல்லக் கூடாதுன்னாரு. ஹாஜி வண்டியிலதான் உக்காந்திருக்காரு. மேல வாங்கன்னா முழங்கால் வலிங்கறாரு. வழியெல்லாம் நிறுத்து நிறுத்துன்னு இறங்கி இறங்கிக் கயித்தை இழுத்துப் பாத்தாரு. அப்ப எல்லாம் முழங்கால் வலிக்கல." நான் முக்காட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனையைத் திரும்பிவிட்டது. பின்பக்கம் மட்டும் பார்த்தேன்.

உங்களுக்காக டீ போட்டேன். ஆறிப்போன பிறகு நானே குடித்தேன்.

இனி ஷஹத். இன்னும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறாள். கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ரொம்பப் பிடித்திருக்கிறது. கையெழுத்து ஆகிவிட்டதே என்று நான் உறையைப் பிரிக்கப் போனேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பிரிக்காதீங்க மிஸ். திருப்பிக் குடுக்கும்போது திட்டுவாங்க." புரண்டு படுத்தால் பிளாஸ்டிக் சத்தம் போடுகிறது. அதனால் அசையாமல் படுக்கிறாள்.

நேற்று முகப்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அழவில்லை. கட்டிலிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஆனால் தூங்குவதில்லை. இல்லத்தில் கட்டில்கள் ஒட்டி ஒட்டிப் போட்டிருப்பார்கள். படுத்ததும் பக்கத்தில் கையை நீட்டித் தடவுகிறாள். காற்றுதான் அகப்படுகிறது. "பக்கத்துல யாரு படுக்குறது?" என்று கேட்கிறாள். யாரும் இல்லை, இது உன் அறை, உனக்கு மட்டும் என்று பெருமையாகச் சொன்னேன். அவளுக்கு அது தண்டனை மாதிரி இருந்திருக்கிறது. என் கட்டிலுக்கு வா என்றால், "அது உங்களோடது" என்கிறாள். நான் தரையில் படுத்து ஒரு கையை மேலே உயர்த்திப் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் படகு உயரம் அப்பா. கை மரத்துப்போகிறது. நான் கையை எடுத்தால் உடனே விழித்துக்கொள்கிறாள்.

இரண்டாவது கட்டில் வேண்டும். பக்கத்தில் ஒட்டிப் போட்டு நான் படுத்துக்கொள்வேன். ஆனால் அதற்கும் முகப்பு இருந்தால் கதவு திறக்காது. ரம்பத்தை நான் தொட மாட்டேன். நீங்கள் சொன்னால்தான்.

கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன்.

நஜாத்

*

எஸ்பெத் எல்-போர்க்,
பிப்ரவரி 10

நஜாதுக்கு,

சாபிர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். ஆமாம், வந்தேன். கயிறு தளர்ந்தால் பார்க்க ஆள் வேண்டாமா? மேலே வா என்று வீட்டுக்காரி யாரும் என்னை அழைக்கவில்லை. லாரிக்காரன் அழைத்தால் போய்விட முடியுமா?

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவனே கட்டிலையும் கொண்டு வருகிறான்.

முகப்பை அறுத்துவிட்டேன். தச்சனிடம் கொடுக்கவில்லை. படகுத்துறையில் ரம்பம் வாங்கி வந்து, வாசலில் போட்டு நானே அறுத்தேன். ஜாபிர் காபிக்கோப்பையோடு வந்து நின்றான். "என்ன ஹாஜி, சொந்தப் படகையே உடைக்கிறீங்க?"

"படகு இல்ல, கட்டில். என் பேத்தி பக்கத்துல போடப் போறோம். போய் உன் காபியைக் குடி."

"பேத்தியா? ஏது ஹாஜி?"

"ஐஸ் பெட்டியில இருந்து எடுத்தேன். உனக்கென்ன?"

அப்படி வாயில் வந்துவிட்டது. அவனிடம் வேறு என்ன சொல்வது? காபிக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. என் கையில் ரம்பம் இருந்தது.

அறுத்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன். கன்னத்தை வைத்துப் பார், சிராய்ப்பு இருக்காது. அங்கே இருக்கிற கட்டிலின் முகப்பை அறுக்க வேண்டாம். அதற்குக் கயிற்றால் ஒரு உறை பின்னி அனுப்பியிருக்கிறேன். கரையில் இடிக்காமல் இருக்கப் படகுக்குப் போடுவார்களே, அது மாதிரி. இனி அவள் இடித்துக்கொண்டாலும் கட்டில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இரண்டாவது கட்டிலின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். நாற்றம் இன்னும் போகவில்லை. அங்கே இருப்பதையும் பிரி. அவள் தடுத்தால் நான் சொன்னதாகச் சொல்: உறை பிரித்த சாமானை எந்தக் கடைக்காரனும் திரும்ப எடுக்க மாட்டான். அது உலக வழக்கம். ஐந்து வயதுக்குப் புரியும்.

உன் பழைய அறை இப்போது காலி. கட்டில்கள் நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. அங்கே நின்று இருமினால் இருமல் எனக்கே திரும்பக் கேட்கிறது. கதவைச் சாத்தி வைத்தேன். பிறகு திறந்தேன். சாத்தினால் இன்னும் மோசம்.

அறுத்த முகப்பு என்னிடம் இருக்கிறது. எரிக்க மனம் வரவில்லை. கொக்கிகள் அடித்து அந்த அறைச் சுவரில் மாட்டப் போகிறேன். பையோ சட்டையோ தொங்கவிடலாம். யாருடைய பை என்று கேட்காதே. எந்த உயரத்தில் மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கயிற்றை எடுத்து, அவள் தலை உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பு.

நான் வரச் சொல்லவில்லை. இந்த முறை சாபிர் மட்டும்தான் போகிறான். திரும்பும்போது அவன் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அது அவன் பாடு.

மெத்வல்லி

*

இஸ்மாயிலியா,
பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

கயிறு இதனுடன் இருக்கிறது. முடிச்சை அவளே பிடித்தாள்.

சாபிர் இருக்கையைக் காட்டி, "வாங்கக்கா, காலியாதான் இருக்கு. ஹாஜி ஒண்ணும் சொல்லல, ஆனா தொடைச்சுக் குடுத்தாரு" என்றான். நான் பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் லாரியைப் பார்த்ததும் ஷஹத் தன் துணிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். திருப்பிக் கொண்டுபோக வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். மாலை வரை வெளியே வரவில்லை. அதனால் அந்த இருக்கை காலியாகத்தான் திரும்பியது. ஜாபிர் ஏதாவது சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்று கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "நெஜமாவா? பிரிச்சா எடுக்க மாட்டாங்களா? சொன்னது யாரு?" என்று கேட்டாள். "என் அப்பா." "அவருக்குக் கடை இருக்கா?" "இல்லை, ஆனா அவரு சொன்னா மாத்த மாட்டாரு." வெளியே வந்தாள். அவளே உறையைக் கிழித்தாள். ஒரு மூலை விடவில்லை.

இரண்டு கட்டிலும் ஒட்டி நிற்கின்றன. கதவு திறக்கிறது. தூங்குகிறாள்.

மேலே வர யாரும் அழைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த வீட்டுக்காரி அழைக்கிறேன். வாருங்கள் அப்பா.

நஜாத்

*

எஸ்பெத் எல்-போர்க்,
பிப்ரவரி 25

நஜாதுக்கு,

லாரி காலியாக வந்ததை நான் பார்க்கவில்லை. வேறு வேலையாக வாசலில் நின்றேன். ஜாபிர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து ஒரு காபி சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

உன் கட்டடத்தில் படிக்குக் கைப்பிடி இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று எழுது. வருகிறேன் என்று சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முகப்பை மாட்டிவிட்டேன். நீலக் கோடு ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறது. சுவருக்கு இன்னும் சாயம் அடிக்கவில்லை. என்ன நிறம் என்று அவளைக் கேள். மஞ்சள் என்று நீ சொல்லிக் கொடுக்காதே.

கயிற்றால் உயரத்தை அளந்த பிறகு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், முகப்பை மாட்டிய ஆணியிலேயே தரை வரை தொங்கவிட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போது காற்றில் லேசாக ஆடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிச்சு என் இடுப்புக்குக் கூட வரவில்லை.

இவ்வளவு சின்னவள் என்று நீ எழுதவே இல்லையே.

அப்பா